கார்பரேட்டரின் அடியில் படிந்த வரலாறு

இந்தியத் தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் அணைகள், எஃகு ஆலைகள், ஏவுகணைகள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை போன்ற எளிய பொறிகளை எடுத்துக்கொண்டு டேவிட் அர்னால்ட் 2013இல் வெளியிட்ட நூல் இப்போக்கிலிருந்து விலகிய ஒன்று. ஆயினும் பொறிகளைப் பழுதுபார்த்தவர்களின் அறிவு இன்னும் ஆய்வின் விளிம்பிலேயே நிற்கிறது. வீட்டு வாசலில் பழைய செய்தித்தாளை விரித்து, மோட்டார் சைக்கிளின் கார்பரேட்டரைக் கழற்றித் துடைத்துப் பூட்டிய தலைமுறைகளின் அறிவும் அத்தகையதே.

அவ்வறிவு உருவான பின்னணி பொருளாதார வரலாற்றில் உள்ளது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. 1960களின் தொடக்கத்தில் மைசூரில் ஐடியல் ஜாவா உற்பத்தியைத் தொடங்கியது. புல்லட்டுடன் பர்மிங்காமின் அமல் கார்பரேட்டரும், ஜாவாவுடன் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜிகோவும், 1985இல் வந்த யமஹா ஆர்எக்ஸ்100உடன் ஜப்பானிய மிக்குனி வடிவமைப்பும் இந்தியத் தெருக்களுக்கு வந்தன. 1957இன் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. உரிமமுறைப் பொருளாதாரத்தில் புதிய வண்டி எளிதில் கிடைக்கவில்லை. இறக்குமதி உதிரிபாகம் அதனினும் அரிது. தேய்ந்ததை எறிந்து புதியது வாங்கும் வழி பலருக்கு இல்லாதபோது, தேய்ந்ததை உயிர்ப்பிக்கும் அறிவே வண்டியை ஓட வைத்தது.

அந்த அறிவின் இயல்பு கவனத்திற்குரியது. பெட்ரோலும் காற்றும் எடையளவில் ஏறத்தாழ 1க்கு 14.7 என்னும் விகிதத்தில் கலந்தால் முழுமையாக எரியும். கார்பரேட்டரில் இதை அளந்து காட்டும் கருவி எதுவும் இல்லை. எனவே நோயறிதல் புலன்களின் வழியே நிகழ்ந்தது. பிளக்கின் முனை பழுப்பாக இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. வண்டி நிற்கையில் அணைந்துபோனால் பைலட் ஜெட்டில் அடைப்பு. நடுவேகத்தில் திணறினால் ஊசியின் நிலை. முழுவேகத்தில் இழுக்காவிட்டால் மெயின் ஜெட். பெட்ரோல் வழிந்தால் மிதவையைக் கழற்றிச் சுடுநீரில் அமிழ்த்துவர். குமிழி எழும் இடத்தில் ஓட்டை இருக்கும். பித்தளை மிதவையின் ஓட்டையை ஈயம் வைத்து அடைக்கையில் ஈயம் கூடிவிட்டால் மிதவை கனத்துத் தாழும். கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டம் உயர்ந்து கலவை கெடும். ஜெட்டின் துளையை எஃகுக் கம்பியால் குத்தினால் மென்மையான பித்தளை தேய்ந்து துளை பெரிதாகும். ஆகவே காற்றடித்தே தூசியை நீக்க வேண்டும். இவை அனைத்தும் காரணகாரிய அறிவு. ‘ஜுகாட்’ என்ற ஒற்றைச் சொல்லால் இதனைத் தற்காலிக ஒப்பேற்றலாகச் சுருக்குவது, இதன் முறைமையை மறைத்துவிடுகிறது.

கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் அரசின் விலைக் கொள்கையும் படிந்தது. பொது விநியோகத்தில் மண்ணெண்ணெய் மானிய விலையில் விற்கப்பட்டதால், அதைப் பெட்ரோலில் கலப்பது ஆதாயம் தரும் தொழிலாயிற்று. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. பிளக்கில் கரியைச் சேர்க்கும். எல்லாத் திருகுகளும் சரியாக இருந்தும் பிளக் கறுத்தால், ஐயம் பெட்ரோல் நிலையத்தின்மீது விழுந்தது. 2005 நவம்பரில், கலப்படத்திற்காகப் பெட்ரோல் நிலையத்தின்மீது நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் அலுவலர் மஞ்சுநாத் சண்முகம் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். வீட்டு வாசலில் எழுந்த எளிய ஐயத்தின் மறுமுனையில் எத்தகைய வன்முறை இருந்தது என்பதை அக்கொலை காட்டியது.

2020 ஏப்ரல் 1இல் பிஎஸ்-6 மாசுவிதிகள் நடைமுறைக்கு வந்தபின் புதிய மோட்டார் சைக்கிள்களில் எரிபொருள் உட்செலுத்தும் முறை ஏறத்தாழ முழுமையாக இடம்பிடித்தது. நகரக் காற்றின் நலனுக்கு அது தேவையான மாற்றமே. ஆனால் பழைய வண்டிகள் சாலையில் தொடர்கின்றன, எரிபொருளோ மாறிவிட்டது. 2022இல் 10 விழுக்காட்டை எட்டிய எத்தனால் கலப்பு, 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் எரிய அதன் எடையில் ஏறத்தாழ 9 மடங்கு காற்றே போதும். உணரி கொண்ட புதிய வண்டி இதற்கேற்ப அளவைத் திருத்திக்கொள்ளும். துளை மாறாத ஜெட்டால் அது இயலாது. கலவையில் காற்று மிகுகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கிறது. பழைய ரப்பர்ப் பாகங்கள் கெடுகின்றன. ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழிறக்கி, ஊசியை உயர்த்தி, பெட்ரோலைக் கூட்டும் பொறுப்பு மீண்டும் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிறது.

2022 ஜூலையில் நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ குறித்து ஒரு குழுவை அமைத்தது. வாகனங்களும் அதன் வரம்பிற்குள் வந்தன. உதிரிபாகம், கையேடு, கருவி ஆகியவை கிடைப்பதைச் சட்டம் உறுதி செய்யலாம். பிளக்கின் நிறத்தை வாசிக்கும் கண்ணைச் சட்டத்தால் உருவாக்க முடியாது. அக்கண் உடையோர் இன்று முதுமையை எட்டிவருகின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் தம் அறிவை எழுதி வைத்தவர்கள் அல்லர். ஆவணக் காப்பகங்களில் அதற்குக் கோப்பும் இல்லை. வாய்மொழி வரலாற்றைப் பயிலும் மாணவர்கள் அவர்களைத் தேடிச் செல்வதற்கு எஞ்சியிருக்கும் காலம் குறைவு.