மாடி ஏறாத அலை

தென்னேரியில எங்க வீடு தரைத்தளத்தோட சேர்த்து மூணு அடுக்கு. அம்மா மேல் மாடியில இருக்காங்க. யார் கேட்டைத் தட்டினாலும் "தோ வரேன்"னு இறங்கிப் போய்த் திறந்துடுவாங்க. முழங்கால் வலி வேற. சரின்னு கேட்டுல ஒரு ஒயர்லெஸ் கேமரா மாட்டினேன். ரௌட்டர் ரெண்டாவது மாடி ஹால்ல. படம் உறைஞ்சு உறைஞ்சு வந்துச்சு. வந்த ஆள் திரும்பிப் போன பிறகுதான் டிவியில தலை காட்டுவார் :-)

தீர்வு தேடப் போய் சரித்திரத்துல விழுந்துட்டேன்.

வீட்டு வாசலைக் கேமராவில பார்க்கிற யோசனை ஒரு நர்ஸோடது. நியூயார்க் குவீன்ஸ்ல இருந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன். போலீஸ் சீக்கிரம் வராத வட்டாரம். அவரும் கணவர் ஆல்பர்ட்டும் 1966ல விண்ணப்பிச்சு, 1969 டிசம்பர்ல காப்புரிமை வாங்கினாங்க. கதவுல வெவ்வேறு உயரத்துல நாலு துளை, பின்னாடி மேலும் கீழும் நகர்ற கேமரா, படம் படுக்கையறை டிவிக்கு. அவங்க கவலையும் என் கவலையும் ஒண்ணுதான்.

சுவரைத் தாண்டி அலை போகும்னு காட்டினவர் நம்மாள், ஜகதீஷ் சந்திர போஸ். 1895 வாக்கில கல்கத்தா டவுன் ஹால்ல, துணைநிலை ஆளுநர் மெக்கன்சி முன்னாடி, மூணு சுவருக்கு அப்பால சுமார் 75 அடி தூரத்துல மணி அடிக்க வெச்சு, வெடிமருந்தை வெடிக்க வெச்சார். அப்படின்னா என் வீட்டுல ரெண்டு தளத்துக்கு ஏன் திணறணும்? அந்த டவுன் ஹால் 1813ல கட்டினது. நம்ம தளத்துல இருக்கிற கம்பிப் பின்னல் அதுல ஏது? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையோட நீளம் சுமார் 12.5 செ.மீ. அதுக்குக் கம்பிச் சட்டமும் ஈரக் கான்கிரீட்டும் நல்ல முட்டுக்கட்டை.

இன்னொரு சங்கதியும் இருக்கு, நிறைய பேர் கவனிக்கறதில்ல. நட்டுக்குத்தா நிக்கிற ஆண்டெனாவைச் சுத்தி அலை மெதுவடை மாதிரி பரவும். நேர் மேலயும் நேர் கீழயும் வடையோட ஓட்டை! நான் அந்த ஓட்டைக்குள்ளதான் கேமராவை வெச்சிருந்தேன். ஆண்டெனாவைப் படுக்க வெச்சேன், கொஞ்சம் தேவலை.

ஆனா கண்ணைத் திறந்தது தேனிதான். 2005 ஜனவரியில மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை வெளிப்புறத்திலும் உரிமம் இல்லாம பயன்படுத்த விட்டுச்சு. அதை ஒட்டின காலத்துல பெர்க்லி பல்கலைக்கழகத்தோட எரிக் ப்ரூவர் குழுவும் இன்டெலும் சேர்ந்து தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுத்துவட்டார ஊர்களோட பார்வை மையங்களோட இணைச்சாங்க. எதை வெச்சு? சாதாரண வைஃபை சிப்பை வெச்சு. எதிரெதிர் பார்த்த திசை ஆண்டெனா, நடுவுல தடை இல்லாத பார்வை. மாற்றினது முக்கியமா மென்பொருளை. வைஃபை ஒவ்வொரு பொட்டலத்துக்கும் "வந்துச்சு"ன்னு பதில் எதிர்பார்க்கும். தூரம் கூடினா பதில் தாமதமாகும், அது தொலைஞ்சுதுன்னு நினைச்சுத் திரும்ப அனுப்பும். அதுக்குப் பதிலா, ஆளுக்கு ஒரு நேரம்னு முறை வெச்சுப் பேச விட்டாங்க. பல கிலோமீட்டர் தள்ளியிருந்த நோயாளியை டாக்டர் வீடியோவுல பார்த்தார்.

பல கிலோமீட்டர் தாண்டின அதே அலை என் வீட்டுல முப்பது அடி தாண்டல. எனக்கு வெட்கமா போச்சு. ரிப்பீட்டர் வாங்கலாம்னு நண்பர் சொன்னார். ஒரே ரேடியோவுல கேட்டுட்டுத் திருப்பிச் சொல்ற ரிப்பீட்டர்ல வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதுவும் தளத்தோடதானே மல்லுக்கட்டணும். தளத்தைத் துளைக்கிற எண்ணத்தையே விட்டேன். ரௌட்டர்லேருந்து பால்கனிக்கு ஒரு கேபிள், அங்க மழை தாங்கற ஒரு ஆக்ஸஸ் பாயிண்ட், கேட்டைப் பார்த்து. பால்கனியில நின்னா கேட் கண்ணுக்குத் தெரியுது, நடுவுல கான்கிரீட் இல்ல. படம் ஒழுகின தண்ணி மாதிரி ஓடுச்சு.

தேனிக்காரங்களுக்குப் பெரிய தலைவலி அலை இல்ல, கரண்ட். வோல்டேஜ் ஏறி இறங்கிப் பெட்டிகள் செத்துப் போச்சாம். அதைப் படிச்ச மறுநாளே ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிட்டேன். நம்ம ஊர் கரண்ட்டைப் பத்தி உங்களுக்கே தெரியுமே. அம்மா இப்ப டிவியில பார்த்துட்டு, தெரிஞ்ச முகம்னா மட்டும் "தோ வரேன்"ங்கறாங்க.