கப்பல்ல போனவர் பிளேன்ல வந்த கதை

திருவண்ணாமலைன்னு சொன்னா எல்லாருக்கும் கிழக்கே இருக்கிற ராஜகோபுரம்தான் ஞாபகம் வரும். நாங்க மலைக்குப் பின்பக்கம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில பாதியைத் தாண்டி, கால் கெஞ்ச ஆரம்பிக்கிற நேரத்துல ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் வருமே, அந்த அடி அண்ணாமலைதான் நம்ம ஊர். கிரிவலம் வந்தவங்க எல்லாருமே எங்க ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீங்க :-)

போன பௌர்ணமிக்கு எங்க பெரியப்பா பையனோட நடந்தேன். அண்ணன் கேட்டரிங் படிச்சிட்டு சொகுசுக் கப்பல் கிச்சன்ல வேலை பார்க்கிறார். லீவுக்கு வந்திருக்கார். பேச்சுவாக்குல ஒண்ணு சொன்னார். "கப்பலும் கிரிவலம் மாதிரிதான்டா. எங்க கிளம்புச்சோ, சுத்திட்டு அங்கயே வந்து நிக்கும். ஆனா நமக்கு வீடு அங்க இல்லையே, அங்கேருந்து பிளேன் பிடிக்கணும்."

பொட்டி தட்டுற எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். அதுதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு விஷயம். கப்பல்ங்கிறது நம்ம ஆளுங்களுக்கு உல்லாசப் பயணமா இருந்ததே இல்லை. 1926-ல ஓட ஆரம்பிச்ச 'ரஜூலா' கப்பல் மெட்ராஸ், நாகப்பட்டினத்துலேருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு ஆயிரக்கணக்கான பேரை மேல்தளத்துல படுக்க வெச்சே கூட்டிட்டுப் போச்சு. 1973 வரைக்கும் ஓடுச்சு. அதுக்கப்புறம் அந்த வழியில 'எம்.வி. சிதம்பரம்'. 1966-ல பிரான்ஸ்ல கட்டின கப்பல். 'பாஸ்தர்'ங்கிற பேரோட ஓடிட்டிருந்ததை 1972-ல நம்ம ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி பேரை மாத்தினாங்க. 1985 பிப்ரவரியில நடுக்கடல்ல தீப்பிடிச்சு பல உயிர் போச்சு. அதோட அந்தப் பயணிகள் கப்பலும் முடிஞ்சது. அதுக்கப்புறம் சிங்கப்பூர்க்காரர்களுக்கு மீனம்பாக்கம்தான் துறைமுகம்.

வெளிநாட்டிலும் பிளேன்தான் கப்பலைத் தள்ளிவிட்டது. 1958-ல அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி ஜெட் விமானங்கள் பறக்க ஆரம்பிச்சதும், ஒரு வாரம் கப்பல்ல போய்ச் சேர்ந்த ஊருக்கு ஒரு பகல்ல போயிடலாம்னு ஆச்சு. சும்மா நின்ன கப்பல்காரங்க என்ன பண்ணாங்க? "ஊருக்குப் போக வேண்டாம், சும்மா சுத்திட்டு வரலாம் வாங்க"ன்னு சொன்னாங்க. இந்த யோசனை புதுசில்லை. ஜெர்மனிக்காரர் ஆல்பர்ட் பாலின் 1891-லயே குளிர்காலத்துல சும்மா கிடந்த 'ஆகஸ்டா விக்டோரியா' கப்பலை மத்தியதரைக் கடல் சுற்றுலாவுக்கு அனுப்பிக் காட்டியிருந்தார். ஜெட் வந்தப்புறம் அதுவே தனித் தொழிலாச்சு. பயணிங்க பிளேன்ல வந்து கப்பல் ஏறி, சுத்தி முடிச்சு, பிளேன்லயே வீட்டுக்குப் போவாங்க. கப்பலைத் தோற்கடிச்ச பிளேனே கப்பலுக்கு ஆள் பிடிச்சுக் கொடுத்துச்சு!

இந்த ஏற்பாடு ஒரே ஒரு தடவை மொத்தமா நின்னுபோச்சு. 2020.

'டைமண்ட் பிரின்சஸ்' பேர் ஞாபகம் இருக்கா? 2020 ஜனவரி 20 அன்று ஜப்பானின் யோகோஹாமாவிலிருந்து கிளம்பி, ஹாங்காங், வியட்நாம், தைவான் எல்லாம் சுத்திட்டு பிப்ரவரி 4 அன்று அங்கேயே வந்து முடிய வேண்டிய பயணம். நடுவுல ஹாங்காங்ல இறங்கின ஒருத்தருக்கு கொரோனான்னு தெரிஞ்சது. கப்பல் பிப்ரவரி 3 ராத்திரியே யோகோஹாமா வந்துடுச்சு. ஆனா யாரும் இறங்க முடியல. கப்பல்ல மொத்தம் 3,711 பேர். அதுல 1,045 பேர் ஊழியர்கள். இந்தியர்கள் 138 பேர். அதில் பயணிகள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 6. மீதி 132 பேரும் வேலைக்காரங்க.

பயணிங்க எல்லாரும் அவங்கவங்க அறைக்குள்ளயே இருக்கணும்னு உத்தரவு. சரி, அந்த 2,666 பேருக்கும் மூணு வேளை சாப்பாடு? ஊழியர்கள்தான் சமைச்சு, கதவு கதவா கொண்டுபோய்க் கொடுத்தாங்க. அவங்களுக்குத் தனி அறை கிடையாது. கீழ்த்தளத்துல சேர்ந்து படுத்து, சேர்ந்து சாப்பிட்டாங்க. பிப்ரவரி 9 வரைக்கும் நோய் உறுதியான ஊழியர்கள் 20 பேர். அதில் 15 பேர் உணவுப் பிரிவுக்காரங்க. தனிமைப்படுத்தல்ங்கிறது மேல்தளத்துக்கு மட்டும்தான் இருந்துச்சு. கடைசியில கப்பல்ல நோய் வந்தவங்க 712 பேர்.

யார் எப்போ வீட்டுக்குப் போனாங்கன்னு பாருங்க. பிப்ரவரி 17 அன்று அமெரிக்கா ரெண்டு விமானம் அனுப்பி 300-க்கும் மேல தன் ஆட்களைக் கூட்டிட்டுப் போச்சு. சரக்கு விமானத்துல சீட்டு மாட்டி, நோய் உறுதியான 14 பேரை பிளாஸ்டிக் திரைக்குப் பின்னாடி உட்கார வெச்சு! காசு கட்டி உல்லாசப் பயணம் போனவங்க அப்படித்தான் திரும்பினாங்க. 19-ஆம் தேதியிலிருந்து மத்த பயணிகளும் இறங்க ஆரம்பிச்சாங்க. நம்ம ஊழியர்கள் வீடியோவுல கெஞ்சினது டிவியில வந்துட்டே இருந்துச்சு. ஏர் இந்தியா சிறப்பு விமானம் 119 இந்தியர்களோட டெல்லியில இறங்கினது பிப்ரவரி 27. அவங்களோட இலங்கை, நேபாளம், தென்னாப்பிரிக்கா, பெரு நாட்டுக்காரங்க 5 பேர். அப்பவும் வீடு இல்லை. மானேசர் ராணுவ முகாம்ல 14 நாள். நோய் வந்த 16 இந்தியர்கள் ஜப்பான்லயே சிகிச்சையில இருந்தாங்க.

அண்ணன் இருந்தது அந்தக் கப்பல் இல்லை. ஆனா கதை அதேதான். மார்ச் மாசம் உலகம் பூராவும் சொகுசுக் கப்பல்கள் நின்னுச்சு. பயணிங்க இறங்கிப் போனாங்க. ஊழியர்கள் அப்படியே கடல்ல. ஏப்ரல்ல அமெரிக்கக் கரையோரம் மட்டும் சுமார் 100 கப்பல், கிட்டத்தட்ட 80,000 ஊழியர்கள். வழக்கமான பயணிகள் விமானத்துல அவங்களை ஏத்தக் கூடாதுன்னு அங்க விதி. இங்க மார்ச் கடைசியிலயே வெளிநாட்டு விமானங்களை இந்தியா நிறுத்தியாச்சு. வந்தே பாரத் விமானங்கள் ஆரம்பிச்சதே மே 7-ல.

அண்ணன் வந்தது ஜூலை. ஒரு தனி விமானம், நடுவுல ஒரு ஊர்ல எண்ணெய் போட நிறுத்தினப்போ கூட இறங்க விடலையாம். அப்புறம் சென்னையில ஹோட்டல் தனிமை. அப்புறம் மாவட்டம் தாண்ட இ-பாஸ். வாடகைக் கார்ல அடி அண்ணாமலை வந்து இறங்கினப்போ நான் மாடியில லேப்டாப்போட சிக்னல் தேடிட்டிருந்தேன். அன்னிக்கு ரோட்டுல ஒரு ஆள் இல்லை. பௌர்ணமி கிரிவலத்துக்கே தடை போட்டிருந்த நேரம். எப்பவும் தலையா தெரியுற பாதை, அன்னிக்கு நாய் படுத்துத் தூங்குது. பெரியம்மா வாசல்லயே நின்னுட்டு, தொடலாமா கூடாதான்னு தெரியாம அழுதாங்க. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து ரூம்ல இன்னும் பத்து நாள்.

"நாலு மாசத்துல என்னண்ணே கஷ்டமா இருந்துச்சு?"ன்னு இப்ப நடக்கும்போது கேட்டேன். சாப்பாடோ, நோயோ சொல்வார்னு நினைச்சேன்.

"கரை தெரியும்டா. தினமும் தெரியும். போறவங்களுக்கு நாமதான் பெட்டி தூக்கி விட்டோம். நமக்கு எப்பன்னு கேட்டா யாருக்கும் தெரியல."

ரஜூலா மேல்தளத்துல படுத்துட்டுப் போனவங்களுக்கும் திரும்பி வர்ற தேதி அவங்க கையில இருந்திருக்காது. தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் போனவங்கதானே நிறைய பேர். நூறு வருஷத்துல பிளேன் வந்துடுச்சு, தூரம் குறைஞ்சுடுச்சு. அந்தத் தேதி மட்டும் இன்னும் கைக்கு வரல.

அடுத்த மாசம் அண்ணன் மறுபடி கிளம்புறார், புது ஒப்பந்தம். பெரியம்மாவுக்கு எந்த நாடு, என்ன சம்பளம் எதுவும் வேண்டாம். என்னைக் கூப்பிட்டு டிக்கெட்டை லேப்டாப்புல திறக்கச் சொல்லி ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"திரும்பி வர்ற தேதி போட்டிருக்கான்னு பாருடா."

போடல.