காத்திருந்து வாங்கிய கார்கள்

அறுபது வயதைக் கடந்த ஒருவர் தாம் வைத்திருந்த கார்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அப்பேச்சில் பெரும்பாலும் ஓர் ஒழுங்கைக் காணலாம். முதலில் வண்டியின் பதிவெண் வரும். அடுத்து, முன்பதிவு செய்துவிட்டு எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார் என்பது வரும். பின்னர் விலை, கடன், பழுது பார்த்த மெக்கானிக்கின் பெயர், கடைசியாக விற்ற நாள். வண்டி எவ்வளவு வேகமாக ஓடியது என்பது அரிதாகவே பேசப்படும். இந்த வரிசை தற்செயலானதன்று. சுதந்திர இந்தியாவின் பொருளாதார வரலாற்றில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதனுள் படிந்து கிடக்கின்றன.

விடுதலைக்கு முன்னர் இந்தியச் சாலைகளில் ஓடிய கார்கள் வெளிநாட்டினுடையவை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928இலிருந்து பம்பாயில் பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்றது. ஃபோர்டு நிறுவனமும் அவ்வாறே செய்தது. 1942இல் பிர்லா குடும்பத்தின் இந்துஸ்தான் மோட்டார்ஸும், 1944இல் வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும் தோன்றின. முன்னது 1948இல் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவுக்கு இடம் பெயர்ந்தது. பின்னது பம்பாயின் குர்லாவில் நிலைகொண்டது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை எழுந்தது. முழுமையாகப் பூட்டிய கார்களை இறக்குமதி செய்வதற்கு 1949இல் தடை வந்தது. பாகங்களை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே இடம் என்ற கொள்கை 1953இல் உறுதிப்பட்டவுடன் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின.

எஞ்சியவை மூன்று. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயக் கார் இங்கே அம்பாசிடர் ஆயிற்று. இத்தாலியின் ஃபியட் 1100 பம்பாயில் உருவாகி, 1970களில் பத்மினி என்று பெயர் மாறியது. மக்கள் நாவில் அது கடைசிவரை ஃபியட்தான். 1961இல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு தென்னிந்திய நடுத்தர வர்க்கத்தின் வீடுகளில் இடம் பிடித்தது. ஒரு தலைமுறைக்கு முன்னால் இருந்த தெரிவு இவ்வளவே.

அந்த மூன்றையும் நினைத்தவுடன் வாங்கிவிட இயலவில்லை. எந்த ஆலை எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்பதை 1951ஆம் ஆண்டின் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழிவந்த உரிமங்கள் தீர்மானித்தன. அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை நிலவிய நாட்டில் கார் ஓர் ஆடம்பரப் பொருளாகவே கருதப்பட்டது. 1970களில் நாடு முழுவதற்குமான கார் உற்பத்தி ஆண்டுக்கு ஐம்பதாயிரத்தைத் தொடவில்லை. காரின் விநியோகத்துக்கு 1959இல் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. விலையையும் அரசே நிர்ணயித்தது. அவ்விலை போதாது என்று மூன்று நிறுவனங்களும் தொடுத்த வழக்கில் 1971இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய காருக்கு அரசு குறித்த விலையைவிட, ஓரிரு ஆண்டுகள் ஓடிய காருக்குச் சந்தையில் கூடுதலாகக் கிடைத்த காலமும் இருந்தது.

இந்தச் சூழலில் கார் வாங்குவது குடும்பத்தின் பெருநிகழ்வாக அமைந்தது. லால் பகதூர் சாஸ்திரியின் கதை இதற்குச் சான்று. பிரதமராக இருந்தபோது அவர் குடும்பம் ஒரு ஃபியட் கார் வாங்க விரும்பியது. விலை 12,000 ரூபாய், கையிலிருந்தது 7,000. மீதி 5,000 ரூபாயை அவர் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனாகப் பெற்றார். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் அவர் மறைந்தபோது கடன் தீர்ந்திருக்கவில்லை. மனைவி லலிதா தமக்கு வந்த ஓய்வூதியத்திலிருந்து அதை அடைத்தார். அந்தக் கார் இன்று டெல்லியில் சாஸ்திரி நினைவகத்தில் நிற்கிறது. நாட்டின் பிரதமருக்கே கார் என்பது தவணைக் கடனாக இருந்தது என்பதை வந்து காண்போருக்கு அது சொல்லிக்கொண்டிருக்கிறது.

இவ்வாறு வந்த வண்டியை யாரும் எளிதில் கைவிடவில்லை. பலருக்கு வாழ்நாளில் ஒரு கார், மிஞ்சினால் இரண்டு. ஆகவே பழுது பார்ப்பதே அதனோடு வாழும் வழியாயிற்று. அம்பாசிடரின் அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகள் மாறவில்லை. அதனால் சிற்றூர்ப் பட்டறையிலும் அதற்குப் பாகம் கிடைத்தது; அதன் இயல்பறிந்த மெக்கானிக்கும் கிடைத்தார். ஹெரால்டின் பானட், முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமாக மேலெழும். சக்கரம் முதல் எஞ்சின் வரை அனைத்தும் கைக்கெட்டும். பிளக்கைக் கழற்றித் துடைப்பதும், கார்புரேட்டரைச் சுத்தம் செய்வதும், மலையேற்றத்தில் வண்டியை நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதும் கார் வைத்திருந்தோர் அறிந்த கைவேலைகள். கோளாறுகள் கையால் தீர்க்கக் கூடியவையாக இருந்தமையால்தான் அவை பின்னாளில் இனிய கதைகளாயின. முன்னிருக்கை நீளப் பலகைபோல இருந்தமையாலும், கியர் ஸ்டீயரிங் தண்டிலேயே இருந்தமையாலும் அம்பாசிடரின் முன்வரிசையில் மூவர் அமர முடிந்தது. அதனால் ஊர்ப்பயணத்தில் உறவினர் ஒருவரையேனும் கூடுதலாக ஏற்றிக்கொள்ள முடிந்தது.

1983இல் மாருதி 800 வந்தபோதும் காத்திருப்பு தொடர்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்பணம் கட்டியிருந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தியின் கையால் பெற்றவர் ஓர் இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். 2010இல் மறையும்வரை அவர் அந்தக் காரை விற்கவில்லை. கார் தயாரிப்புக்கான உரிமமுறை 1993இல் நீங்கியது. தெரிவுகள் பெருகின, காத்திருப்பு சுருங்கியது, வண்டியை மாற்றும் இடைவெளியும் சுருங்கியது. இன்றைய காரின் கோளாற்றைக் கண்டறியக் கணினி வேண்டியிருக்கிறது. நாளைய தலைமுறையின் கார் நினைவுகளில் மெக்கானிக்கின் பெயர் இடம்பெறுவது ஐயமே.

எனினும் இந்த இனிமையைக் கொண்டு அக்காலத்தை மதிப்பிட்டுவிடக் கூடாது. வாங்குவோர் வரிசையில் நின்றதால் வண்டியைச் சீர்திருத்தவேண்டிய நெருக்கடி உற்பத்தியாளருக்கு இல்லை. கார் வைத்திருந்தோர் மிகச் சிறு தொகையினர். பேருந்துக்கும் மிதிவண்டிக்கும் உரியதாகவே பெரும்பான்மையினரின் வாழ்வு இருந்தது. பற்றாக்குறை தந்த துன்பமும் அது வளர்த்த நேசமும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. ஒன்றை மறைத்து மற்றொன்றை எழுதினால் அது வரலாறாகாது.

இன்னொரு குறையும் உண்டு. நம்மிடம் எழுத்தில் உள்ளவை உரிமையாளர்களின் நினைவுகளே. அந்த வண்டிகளை உண்டாக்கியவர்கள், ஓட்டிப் பிழைத்தவர்கள், பழுது பார்த்தவர்கள் அதிகம் எழுதவில்லை. 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நின்றபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலையின்றி நின்றனர். 2017இல் அம்பாசிடர் என்ற பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்கு ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஆலையையொட்டிய ரயில் நிலையம் இன்றும் ஹிந்த்மோட்டார் என்றே வழங்குகிறது. மும்பையில் கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபரில் பதிவானது. இருபதாண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் அதுவும் சாலையை விட்டு அகன்றது. அதோடு ஒரு தொழிலின் அன்றாட அறிவும் அகன்றது.

ஆகவே இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஆர்.சி. புத்தகம், முன்பணம் கட்டிய ரசீது, பட்டறைச் சீட்டு, காருக்கு முன் நின்று எடுத்த புகைப்படம் ஏதேனும் இருந்தால் எறிந்துவிட வேண்டாம். பெரியவர்கள் நலமாக இருக்கும்போதே அவற்றின் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள். அப்படியே அந்த வண்டியை ஓட்டியவரையும் அதன் எஞ்சினை இறக்கி ஏற்றியவரையும் தேடிச் சென்று கேளுங்கள். ஒரே காரைப் பற்றி அவர்கள் சொல்லும் கதை வேறாக இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்தக் காரின் வரலாறு முழுமை பெறும்.