கர்ப்ப ஆட்சி யார் கையில்? – கம்பம் பள்ளத்தாக்கின் கணக்கு

அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜா எடுத்த 'கருத்தம்மா' 1994-இல் வந்தது. பெண் சிசுக்கொலை பற்றிய படம். அதற்கு தேசிய விருது எந்தப் பிரிவில் கிடைத்தது தெரியுமா? "குடும்ப நலம் பற்றிய சிறந்த படம்"! கர்ப்பம், பிரசவம், கருக்கலைப்பு, பிறந்த குழந்தையைக் கொல்வது என்று எல்லாவற்றையும் 'குடும்ப நலம்' என்ற ஒரே தலைப்பில் கணக்கு எழுதுவதுதான் இங்கே வழக்கம். பேரேட்டில் 'பெண்ணின் உரிமை' என்று தனிக் கணக்கு திறந்தது யார்? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

1877, லண்டன். கருத்தடை பற்றிய பழைய சிறுநூல் ஒன்றை சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து மறுபதிப்பு செய்ததற்காக 29 வயதுப் பெண் ஒருவர் கூண்டில் நின்றார். பெயர் அன்னி பெசன்ட். (ஆமாம், நம்ம அடையாறு அன்னி பெசன்ட்தான்!) ஆபாசப் புத்தகம் என்று வழக்கு. சிறைத் தண்டனை மேல்முறையீட்டில் ரத்தானது. ஆனால் அடுத்த வருடமே மகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமையை நீதிமன்றம் பறித்துவிட்டது. கடவுள் மறுப்பும் இந்தப் புத்தகமும்தான் காரணம். அந்த அலை சென்னைக்கும் வந்து, 1882-இல் இங்கே ஒரு மால்தூசியன் சங்கம் முளைத்தது. வேடிக்கை என்னவென்றால், 1893-இல் பெசன்ட் இந்தியாவுக்கு வந்தபோது பிரம்மஞானியாகி, கருத்தடை பற்றித் தானே எழுதிய நூலையும் விற்பனையிலிருந்து விலக்கியிருந்தார்.

1920களின் இறுதியில் சென்னையில் நியோ மால்தூசியன் லீக் தொடங்கியது. நீதிபதி வேபா ராமேசம் போன்ற பெரிய மனிதர்கள் அதில் இருந்தார்கள். அவர்கள் கவலையெல்லாம் ஜனத்தொகை, வறுமை, தேசத்தின் ஆரோக்கியம். அதே சமயத்தில் ஈரோட்டில் 'குடிஅரசு' வேறு பாஷை பேசியது. மற்றவர்கள் உடல்நலத்துக்காகவும் குடும்பச் சொத்துக்காகவும் கர்ப்பத்தடை கேட்கிறார்கள், நாம் கேட்பது பெண்ணின் விடுதலைக்காக என்று பெரியார் எழுதினார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் 'கர்ப்பத்தடை' ஒரு தனி அத்தியாயம். 'கர்ப்ப ஆட்சி' என்றொரு சிறுநூலையும் 1930களில் வெளியிட்டார்கள். அந்தச் சொல்லை கவனியுங்கள். தடை இல்லை, ஆட்சி! ஆளப்போகிறவள் யார் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இதைப் பெரியாரோடு மட்டும் நிறுத்திவிடுவது பெரிய அநியாயம். 1929-இல் சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்ட குஞ்சிதம் குருசாமிக்கு அப்போது இருபது வயது இருக்கும். நீலாவதி அதைவிடச் சின்னவர். இந்திராணி பாலசுப்பிரமணியம் 1931-இல் விருதுநகரில் நடந்த பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். கல்லூரி வயதுப் பெண்கள் மேடையேறி, திருமணம் யாருடன், பிள்ளை எப்போது என்பதைப் பெண்ணே முடிவு செய்யட்டும் என்று கேட்ட காலம் அது. இன்றைக்கும் குடும்ப விழாவில் இதைச் சொன்னால் பெரியவர்கள் முகம் எப்படி மாறும் என்று யோசித்துப் பாருங்கள்...

சுதந்திரத்துக்குப் பிறகு கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டது அரசாங்கம். 1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம். 1950களின் இறுதியில் சென்னை மாகாணம் அறுவை சிகிச்சைக்குப் பணம் கொடுத்தது. பிறகு டார்கெட். நெருக்கடி நிலையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1971-இல் வந்த கருக்கலைப்புச் சட்டத்துக்கும் காரணம் பெண்கள் இயக்கம் அல்ல. ஜனத்தொகைக் கவலையும், திருட்டுத்தனமான கருக்கலைப்பில் செத்துப்போன தாய்மார்களும்தான். அந்தச் சட்டத்தில் தீர்மானிக்கும் அதிகாரம் டாக்டருக்கு. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள்? ஒரு சதவீதம்கூட இல்லை!

கம்பம் பள்ளத்தாக்கில் இந்த எண்ணுக்கு முகம் உண்டு. போடி, கம்பம், கூடலூர்ப் பக்கம் விடியுமுன் ஜீப்கள் கிளம்பும். பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு. சாயங்காலம் திரும்பி வந்து அடுப்பு பற்ற வைக்க வேண்டும். மாத்திரையா, காப்பர் டியா, ஆபரேஷனா என்று உட்கார்ந்து பேச அவர்களுக்கு நேரம் ஏது? க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷனையும் முடித்துவிடுவதே சுலபம். இதைத் 'தேர்வு' என்று சொல்லலாமா?

மதுரையிலிருந்து தேனிக்கு வரும் வழியில் உசிலம்பட்டி. 1986 ஜூனில் 'இந்தியா டுடே' அந்த வட்டாரத்துப் பெண் சிசுக்கொலையை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. பழி ஒரு சாதியின் மேல் விழுந்தது. வரதட்சணை, நகை, சீர் என்று செலவுப் பக்கத்தில் மட்டும் மகளை எழுதிய கணக்கு எல்லா சாதி வீட்டிலும் இருந்ததைப் பேசியவர்கள் குறைவு. 1992-இல் சேலத்தில் ஜெயலலிதா அரசு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தேனிக்கும் வந்தது. அந்த வருடக் கணக்கெடுப்பில் தேனி மாவட்டத்தில் ஆறு வயது வரை 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 900-க்கும் கீழே. மாநில சராசரி 942. தொட்டில் பல உயிர்களைக் காப்பாற்றியது, மறுக்க முடியாது. ஆனால் பெண் குழந்தை வேண்டாமென்றால் எங்களிடம் போட்டுவிடு என்றுதான் அதுவும் சொன்னது.

அதற்குள் ஸ்கேன் மையங்கள் வந்துவிட்டன. 1994-இல் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் வந்தும் அது காகிதத்தில் தூங்கியது. 1998-இல் மதுரையை மையமாகக் கொண்டு பாலினத் தேர்வுக் கருக்கலைப்புக்கு எதிரான பிரச்சார இயக்கம் (காஸா) உருவாகி, சட்டத்தை அமல்படுத்து என்று மாவட்டம் மாவட்டமாகக் கேட்டது. 2011-இல் தேனியின் எண் 930-ஐத் தாண்டியது.

இங்கேதான் ஒரு சிக்கல். சிசுக்கொலை என்ற சொல்லின் நிழலில் 'கருக்கொலை' என்ற சொல்லும் சுவர்களில் ஏறியது. பெண் குழந்தை என்று தெரிந்து கலைப்பது குற்றம் என்பது, கலைப்பதே குற்றம் என்று பலர் காதில் விழுந்தது. சட்டப்படி கேட்டு வரும் பெண்ணைத் திருப்பி அனுப்பவும் அது வசதியான சாக்கு. உண்மையில் இரண்டும் எதிரெதிர். ஒன்றில் வயிற்றில் என்ன பிள்ளை இருக்கலாம் என்று மாமியார் வீடு முடிவு செய்கிறது. மற்றதில் பெற்றுக்கொள்வதா என்று அவள் முடிவு செய்கிறாள்.

இரண்டையும் பிரித்துப் பேசியவர்கள் நகரத்துப் படிப்பாளிகள் மட்டும் அல்ல. 1981-லேயே செங்கல்பட்டுப் பக்கம் சுந்தரி ரவீந்திரனும் 12 தலித் பெண்களும் சேர்ந்து கிராமப் பெண்களுக்கான சமூகக் கல்வி மையத்தை (ரூவ்செக்) தொடங்கினார்கள். தன் உடம்பு எப்படி வேலை செய்கிறது, ஆஸ்பத்திரியில் என்ன கேட்கலாம், கணவனிடம் எப்படி 'வேண்டாம்' என்பது... பேச்சு அங்கிருந்து ஆரம்பித்தது. சேரியிலிருந்து வந்த பெண்கள் கர்ப்ப ஆட்சியை மறுபடி கையில் எடுத்தார்கள்.

2021 திருத்தத்தில் சட்டத்தின் ஒரு பிரிவில் இருந்த 'மணமான பெண், அவள் கணவன்' என்ற சொற்கள் மாறி 'எந்தப் பெண்ணும், அவள் துணைவரும்' என்று ஆயின. சில வகைப் பெண்களுக்குக் கெடு 20 வாரத்திலிருந்து 24 ஆனது. ஆனால் விதிகளில் மணமாகாதவர்களுக்கு இடமில்லை. 25 வயது மணமாகாத பெண் ஒருவரை டெல்லி உயர் நீதிமன்றம் அதனால்தான் திருப்பி அனுப்பியது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2022 செப்டம்பர் 29 அன்று, மணமானவர், ஆகாதவர் என்ற பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது: குடும்பத்தின் சம்மதம் கொண்டு வா என்பது போல, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் போடக்கூடாது. 1971 சட்டப்படியே 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். கணவன் கையெழுத்துக்கு அதில் இடமே கிடையாது. 51 வருடம் கழித்து அதை உச்ச நீதிமன்றம் மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.