நிறம் இழந்த பெட்டி

ஆஸ்திரேலியாவில் 1976-ஆம் ஆண்டோடு வானொலியிலும் தொலைக்காட்சியிலும், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஏறக்குறைய மற்றெல்லா வழிகளிலும் புகையிலை விளம்பரம் அடைக்கப்பட்டுவிட்டபோதிலும், பொன் விளிம்பும் செந்நிறப் பட்டையும் மின்ன, சட்டைப் பையிலிருந்து தினந்தோறும் பலமுறை வெளிவந்து நாலு பேர் கண்ணில் பட்டு மீளும் அந்தச் சிறு பெட்டி மாத்திரம், கூலி வாங்காத தரகனைப்போல் தன் தொழிலைச் செய்துகொண்டே இருந்தது.

பெட்டியின் அலங்காரத்தைக் களைய வேண்டுமென்ற யோசனை 1989-லேயே நியூசிலாந்தில் எழுந்ததுதான்; அதைச் சட்டமாக்கும் துணிவு, புகைபிடிக்கும் தந்தையைப் பத்து வயதில் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த நிக்கோலா ராக்ஸன் சுகாதார மந்திரியாக இருந்த காலத்தில், 2011-ல் ஆஸ்திரேலியப் பாராளுமன்றத்துக்கு வாய்த்தது.

அச்சட்டத்துக்காக ஒரு நிறத்தைத் தேடிய கதை விசித்திரமானது. உலகில் வர்ண சாஸ்திரிகள் எல்லோரும் மனத்தைக் கவரும் நிறத்தையே நாடியிருக்க, இங்கே ஆராய்ச்சியாளர்கள் புகைப்பவர்களிடமே பல வர்ணங்களைக் காட்டி, அவர்களுக்கு அறவே பிடிக்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அதை முதலில் ஒலிவப் பச்சை என்று அழைக்கப்போக, தங்கள் கனிக்கு அபகீர்த்தி நேருமென்று ஒலிவ விவசாயிகள் முறையிட்டார்கள். அவர்கள் மனத்தாங்கல் முற்றிலும் நியாயமே. அதன்பின் அது மங்கிய கரும்பழுப்பு ஆயிற்று. 2012 டிசம்பர் 1 முதல் எல்லாப் பெட்டிகளும் அந்த நிறத்தையே பூண்டு, முன்புறம் நூற்றுக்கு 75 பங்கும் பின்புறம் 90 பங்கும் எச்சரிக்கைக்கு ஒதுக்கி, கம்பெனியின் பெயரை ஒரே அளவான சாதாரண எழுத்தில் தாங்கி வந்தன.

தங்கள் வியாபாரச் சின்னமாகிய சொத்தை அரசாங்கம் ஈடின்றி அபகரித்துவிட்டதென்று கம்பெனிகள் உயர் நீதிமன்றத்தில் வாதாடின. பிறர் உடைமையின் உபயோகத்தைக் கட்டுப்படுத்துவது ஒன்று, அதைத் தான் அடைந்து அனுபவிப்பது வேறொன்று என்ற நுட்பமான பேதத்தைப் பற்றிக்கொண்டு, ஏழு நீதிபதிகளில் அறுவர் சட்டத்தை நிலைநிறுத்தினார்கள். என் மதிப்பில், இவ்வரலாற்றின் உயிர்நிலை அந்தத் தீர்ப்பே.

ஆஸ்திரேலியா ஹாங்காங்குடன் செய்திருந்த முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி ஒரு புகையிலைக் கம்பெனி தொடுத்த வழக்கும் 2015-ல் தள்ளுபடியாயிற்று. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் முன் ஹோண்டுராஸும் டொமினிக்கன் குடியரசும் செய்த மேல்முறையீடு 2020 ஜூனில் நிராகரிக்கப்பட்டபோது, பிரான்சிலும் பிரிட்டனிலும் சிகரெட் பெட்டிகள் அதே கரும்பழுப்பை அணிந்து ஆண்டுகள் சில கடந்திருந்தன.