கடல் கடந்த மிதிவண்டிகள்

பிற மாநிலம் சென்று வாழும் தமிழர் வீடுகளில், முந்திய தலைமுறை விட்டுச்சென்ற பொருள்கள் பலவற்றைக் காண்கிறோம். குத்துவிளக்கும் வெண்கலப் பானையும் பேணிப் பாதுகாக்கப்படுகின்றன. நிழற்படங்கள் சட்டமிடப்பெற்றுச் சுவரில் தொங்குகின்றன. ஆனால், அந்தத் தலைமுறையை நாள்தோறும் வேலைக்குச் சுமந்து சென்ற பொருள் ஒன்று, பெரும்பாலும் கொல்லைப்புறத்தில் மழையில் நனைந்துகொண்டிருக்கிறது; அல்லது பழைய இரும்புக்காரரின் தராசில் என்றோ ஏறிவிட்டது. அதுதான் மிதிவண்டி, நம் பேச்சு வழக்கில் சைக்கிள்.

பழைய சைக்கிள் ஒன்றைத் தேடியெடுத்து, பகுதி பகுதியாகக் கழற்றி, துரு நீக்கி, காணாமற்போன உறுப்புகளைத் தேடிச் சேர்த்து, மீண்டும் சாலையில் ஓடவிடுவது இன்று உலகின் பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. இது வேலையற்றோர் வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அது வரலாற்றுப் பணியே என்பதையும், கடல் சூழ்ந்த அந்தமான் நிகோபார்த் தீவுகளில் வாழும் தமிழர்க்கு அப்பணி தனி முதன்மை உடையது என்பதையும் இங்கே எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

முதலில் சைக்கிளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இன்று நாம் காணும் வடிவத்துக்கு வித்திட்டது, 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய 'ரோவர்' வண்டியாகும். ஏறத்தாழ ஒத்த அளவுடைய இரு சக்கரங்களும், பின் சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் அதன் சிறப்புகள். 1888-இல் டன்லப் என்பார் காற்றடைத்த டயரைக் கண்டறிந்ததும், சைக்கிள் செல்வரின் விளையாட்டுப் பொருள் என்னும் நிலையிலிருந்து உழைப்பவரின் ஊர்தியாக உயர்ந்தது. நாட்டிங்காமில் ராலே, பர்மிங்காமில் பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் ஆகிய நிறுவனங்கள் இலட்சக்கணக்கில் வண்டிகளைச் செய்தன. அவை கப்பலேறிச் சென்னை, கல்கத்தா, பம்பாய்த் துறைமுகங்களில் வந்திறங்கின.

வண்டிகள் பழமையடைந்தபோது, அவற்றின்மீது வரலாற்று நாட்டமும் பிறந்தது. இங்கிலாந்தில் பழைய சைக்கிள்களைப் பேணுவோர் 1955-ஆம் ஆண்டிலேயே ஒரு சங்கம் கண்டனர். இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில் 1997 முதல் 'எரோயிகா' என்னும் ஓட்டவிழா நடந்து வருகிறது. 1987-க்கு முன் செய்யப்பட்ட சாலைப்பந்தய வண்டிகளே அங்கு ஓடலாம் என்பது விதி. நம் நாட்டில், புணே நகரில் 2017-இல் திறக்கப்பட்ட விக்ரம் பெண்ட்சே சைக்கிள் அருங்காட்சியகம், தனி மனிதர் ஒருவரின் வேட்கை எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்குச் சான்றாக விளங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் வான்குடைப் படையினருக்கென மடக்கும் வகையில் செய்யப்பட்ட பி.எஸ்.ஏ. வண்டியும் அங்கே இடம்பெற்றுள்ளது.

இனி, தீவுகளுக்கு வருவோம். 1858-இல் கைதிகளின் குடியிருப்பாக அமைக்கப்பட்ட போர்ட் பிளேயர், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயரால் வழங்குகிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்; கப்பலில் மூன்று நாள் பயணம். ஓர் ஆணியும் ஒரு பஞ்சர்ப் பசையும்கூடக் கடல் தாண்டியே அங்கு வர வேண்டும். விடுதலைக்குப் பின், கூலி வேலைக்கும் அரசுப் பணிக்கும் வாணிகத்துக்கும் தமிழர் பலர் அங்குச் சென்று குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் கடிதம் தவிர வேறொன்றும் எழுதி வைத்தவர் அல்லர். அவர்கள் வாழ்க்கையை எந்த ஆவணக் காப்பகத்தில் தேடுவது? அவர்கள் தொட்டுப் பழகிய பொருள்களிலேதான் தேட வேண்டும்.

அத்தீவுகளில் ஒருவர் வீட்டின் பின்புறத்தில், தென்னை மட்டைகளுக்கு அடியில், தாத்தா ஓட்டிய சைக்கிள் ஒன்று கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் படிப்பது எப்படி?

முன்புறக் குழாயில் உள்ள பித்தளை வில்லையை முதலில் துடைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு மருந்துச் சரக்கு எதுவும் வேண்டா; நம் அடுக்களைப் புளி போதும். ஹெர்குலிஸ் என்னும் பெயருடன் பர்மிங்காம் என்று இருப்பின், அது இங்கிலாந்தில் பிறந்த வண்டி. அதே பெயருடன் சென்னை என்று இருப்பின், கதை வேறு. 1949-ஆம் ஆண்டில் முருகப்பா குடும்பத்தார், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிலகத்தைக் கண்டனர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் வங்காளத்தின் ஆசன்சோலில் சென்-ராலே தொழிலகம் வண்டிகளை உருவாக்கியது. சோனிபத்தில் 1951-இல் அட்லஸும், லூதியானாவில் 1956-இல் ஹீரோவும் எழுந்தன. ஆகவே, அந்தச் சிறு வில்லையில் இருக்கும் ஊர்ப் பெயர், நாடு அயலாரை எதிர்பார்த்திருந்த காலத்தையும், தானே செய்யத் தொடங்கிய காலத்தையும் பிரித்துக் காட்டும் எல்லைக்கல் ஆகிறது. சென்னைக் கப்பலும் கல்கத்தாக் கப்பலும் வந்து சேரும் தீவு ஆதலால், அம்பத்தூர் வண்டியும் ஆசன்சோல் வண்டியும் ஒரே தெருவில் சந்திப்பதற்கும் இடமுண்டு.

அடுத்து, பின் சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தை நோக்குக. ஸ்டர்மி-ஆர்ச்சர் எனப் பெயர் பொறித்த மூன்று வேகக் குடமாயின், அதன் மேல் ஆண்டையும் மாதத்தையும் குறிக்கும் எண்கள் பலவற்றில் அடிக்கப்பட்டிருக்கும். வண்டி பிறந்த காலத்தை அறிய இதனினும் எளிய சான்று இல்லை. இத்தகைய குடம் மேடும் பள்ளமுமான போர்ட் பிளேயர்ச் சாலைகளில் பெரும் துணையாகும். மேடேறும்போது கால்பங்கு எளிதாக மிதிக்கலாம்; சமதரையில் மூன்றிலொரு பங்கு கூடுதலாக விரையலாம். அது இல்லாத வண்டிக்காரர், ஏற்றத்தில் இறங்கித் தள்ளியே சென்றிருப்பார்.

பிறகு வருபவை, எந்தத் தொழிலகமும் செய்யாத அடையாளங்கள். கேரியரின் கீழ் பற்றவைத்த இரும்புப் பட்டை, மூட்டை சுமந்ததைச் சொல்லும். முன் குழாயில் கட்டிய சிறு இருக்கையின் தழும்பு, குழந்தை அமர்ந்து சென்றதைச் சொல்லும். குறுக்குக் குழாயின் கீழ்ப் பக்கத்தில் பெயிண்ட் தேய்ந்திருந்தால், கால் எட்டாத சிறுவர்கள் அந்த இடைவெளியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் பழகியதைச் சொல்லும். தாத்தாவின் வாழ்வு இவ்வாறு இரும்பில் எழுதப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் போர்க்கால வரலாறு ஒன்றையும் நினைவுகூர்தல் பொருந்தும். 1942 மார்ச்சு 23 முதல் 1945 அக்டோபர் வரை அந்தமான் ஜப்பானியர் வசம் இருந்தது. அதற்குச் சற்று முன், 1941 டிசம்பர் 8-இல் மலேயாவில் இறங்கிய ஜப்பானியக் காலாட்படையினர் பல்லாயிரம் சைக்கிள்களில் தென்முகமாக விரைந்தனர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மக்களிடமிருந்து பறித்த வண்டிகளையும் அவர்கள் பயன்படுத்தினர். டயர் கிழிந்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினர். அந்த இரைச்சலை இரவில் கேட்டு, டாங்கிகள் வருகின்றன என்று அஞ்சியோரும் உண்டு. அந்தமானோ அம்மூன்றரை ஆண்டுகளும் இந்தியக் கரையிலிருந்து துண்டிக்கப்பட்டு, இறுதியில் கடும் உணவுப் பஞ்சத்துக்கும் உள்ளாயிற்று. சோறே வராத தீவுக்கு டயர் வருமா? அக்காலத்துக்கு முற்பட்ட வண்டி ஒன்று இன்று தீவில் கிடைக்குமாயின், அதன் ஒட்டும் கட்டும் பழுதென எண்ணத்தக்கவை அல்ல; இல்லாமையை வென்ற கைத்திறனுக்குச் சாட்சிகள்.

இத்தகைய வண்டியைச் செப்பனிடும் முறையையும் காண்போம். தீவில் முதற்பகை உப்புக்காற்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை வேறு. குரோமியப் பூச்சில் ஓர் ஊசித்துளை இருந்தால், உப்பு உள்ளே புகுந்து அடி இரும்பை அரித்துவிடும். ஆதலின், துரு ஏறிய இணைப்புகளைக் கண்டவுடன் சுத்தியலை எடுத்தல் கூடாது. மண்ணெண்ணெயில் நாட்கணக்கில் ஊறவிட வேண்டும். பெடல் தண்டை இறுக்கிப் பிடிக்கும் காட்டர் பின்னைத் தட்டி எடுக்கும்போது, தண்டின் அடியில் உறுதியான முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையேல், அடி முழுவதும் உள்ளிருக்கும் பால்ரஸ் குண்டுகளின் மீது இறங்கி அவை உருளும் வளையத்தைக் குழியாக்கிவிடும்.

புரிகளின் கணக்கையும் அறிதல் வேண்டும். பெடல் அச்சு பொருந்தும் குடத்தில், பிற இங்கிலாந்து வண்டிகளுக்கு அங்குலத்துக்கு 24 புரி. ராலே மட்டும் 26 புரி வைத்தது. ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் வலிந்து முறுக்கினால், ஐம்பது ஆண்டுகள் தாங்கிய ஃபிரேம் ஐந்து நிமிடத்தில் பாழாகும். முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40 கம்பி என்பது பழைய இங்கிலாந்து வழக்கு. நம் நாட்டு வண்டிகளும் அதையே பின்பற்றின. பாரம் பின்புறம் மிகுதி என்பதே காரணம். கம்பிகளை மாற்றிக் கோட்டம் எடுப்பது பொறுமைக்கு வைக்கும் தேர்வு. செப்பம் முடிந்தபின், ஃபிரேம் குழாயின் உட்புறத்தில் ஆளிவிதை எண்ணெயை ஊற்றிச் சுழற்றி வடித்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத அத்துரு அடங்கும்.

இவை எல்லாவற்றினும் கடினமான வினா ஒன்று உண்டு: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது? புதுப் பெயிண்ட் அடித்துப் பளபளக்கச் செய்தால் கண்ணுக்கு அழகுதான். ஆனால் கேரியரின் பட்டையையும், தேய்ந்த குழாயையும், நகராட்சி உரிம வில்லையின் தழும்பையும் இழந்த வண்டி, கடைக்குப் புதிதாக வந்த பொருள் போன்றதே. அது யாருடையதும் அன்று. உயிருக்கு இடர் தரும் பகுதிகளைத் தயங்காது மாற்றுக: பிரேக் கட்டை, டயர், விரிசல் கண்ட ஃபோர்க். வெறும் தோற்றத்துக்காக மாற்ற நினைப்பதை மாற்றாது விடுக. கழற்றிய பழைய உறுப்பையும் பெயரெழுதி ஒரு பெட்டியில் வைக்க. பழைய ஏட்டுச் சுவடியில் செல்லரித்த இடத்தை நாமாக எழுதி நிரப்பலாமா? அதே நெறிதான் இதற்கும்.

இப்பணியில் இந்தியருக்கு ஒரு பெரும் வாய்ப்பு உண்டு. 28-க்கு 1½ அங்குலச் சக்கரமும் இரும்புக் கோலால் இயங்கும் பிரேக்கும் இங்கிலாந்தில் வழக்கொழிந்து அருங்காட்சியகம் புகுந்த பின்னரும், நம் நாட்டில் பால்காரரும் தபால்காரரும் அவற்றையே ஓட்டிவந்தனர். ஆதலால், அயல்நாட்டார் பெரும்பொருள் கொடுத்துத் தேடும் டயரையும் கம்பியையும் நாம் சாதாரணக் கடையில் வாங்க முடிகிறது. செல்வர்க்கே உரிய பொழுதுபோக்காக இது நம்மிடையே இருக்கத் தேவையில்லை. ஆயினும் இவ்வாய்ப்பு என்றும் நிலைக்கும் என்று எண்ணுதல் தவறு. ஆசன்சோல் ஆலை ஓய்ந்து நாளாயிற்று. அட்லஸ் நிறுவனத்தின் சாகிபாபாத் தொழிலகம் 2020 ஜூன் 3-இல், உலகச் சைக்கிள் நாளன்றே, நின்றுபோயிற்று. 'ஓவராயில்' என்ற ஒரு சொல்லால் வண்டி முழுவதையும் பிரித்துக் கோத்துத் தந்த மூத்த தொழிலாளரும் அருகி வருகின்றனர். அவர்கள் கையறிவு எந்தப் புத்தகத்திலும் முழுமையாக இல்லை.

தீவுகளில் சைக்கிள் மறைந்துபோன பொருள் அன்று என்பதையும் சொல்ல வேண்டும். கார் நிகோபார் பெரும்பாலும் சமதரை. சைக்கிளுக்கென அமைந்த நிலம் போன்றது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அத்தீவின் கரையோர ஊர்களைத் துடைத்தெறிந்தது. வீடுகளோடு எத்தனை வண்டிகள் கடலுக்குப் போயின என்று யார் எண்ணினர்? ஆனால், பதினான்கு ஆண்டுகளுக்குள், 2018-இல், சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த இளையோர் உலகத் தடகளச் சைக்கிள் பந்தயத்தில், நிகோபார் இளைஞர் ஈசோ ஆல்பன் வெள்ளிப் பதக்கம் பெற்றார். புது வண்டியில் உலகை வெல்லும் பேரர்கள் உள்ள தீவில், தாத்தாவின் வண்டியைக் காப்பவர்களும் இருத்தல் வேண்டும் அல்லவா?

அன்பர்களே, அந்தமானில் இருப்பினும், பம்பாயில் இருப்பினும், தில்லியில் இருப்பினும், வீட்டுக் கொல்லையில் பழைய சைக்கிள் ஒன்று கிடக்குமாயின், இரும்புக்காரரை அழைக்கும் முன் ஒரு மாலைப் பொழுதை அதற்கு ஒதுக்குங்கள். வில்லையைத் துடையுங்கள், எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு முதியவரை அருகில் அமர்த்தி, இதை எங்கே வாங்கினீர்கள், எந்தக் கப்பலில் கொண்டுவந்தீர்கள், முதன்முதலில் யாரைப் பின்னால் ஏற்றிச் சென்றீர்கள் என்று கேளுங்கள். துருவை மெல்லப் பிறகு நீக்கலாம். விடை சொல்பவர் காத்திருக்க மாட்டார்.