மண்ணுக்குக் கீழே போன மக்கள்

1915-ல் ஜேம்ஸ் கசின்ஸ் என்ற அயர்லாந்துக் கவிஞர் சென்னை அடையாறுக்கு வந்து சேர்ந்தார். அன்னி பெசன்ட் நடத்திய 'நியூ இந்தியா' பத்திரிகையில் வேலை. அடுத்த வருடமே டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சியைப் பாராட்டி எழுதி அந்த வேலையை இழந்தார் என்பது தனிக்கதை! இங்கு வருவதற்கு முன்பே, 1912-ல், அயர்லாந்தின் புராணக் கதைகளுக்கு விளக்கம் எழுதிப் புத்தகமாக வெளியிட்டவர் அவர். பிரம்மஞான சபைக்காரர் அல்லவா, அக்கதைகளில் வரும் அமானுஷ்யர்களுக்கு ஆன்மீகப் பொருள் தேடினார். ஆனால் அவற்றை வேறு விதமாகவும் படிக்கலாம்.

11-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'படையெடுப்புகளின் நூல்', அயர்லாந்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல இனங்கள் குடியேறியதாகச் சொல்கிறது. அதில் ஃபிர் போல்க் இனத்தாரைத் தோற்கடித்து நாட்டைப் பிடித்தவர்கள் துவாஹா டே டானன். மந்திரம், கைத்தொழில் இரண்டிலும் கெட்டிக்காரர்கள். பின்னால் வந்த மிலேசியர்களிடம் இவர்களும் தோற்றார்கள். நாடு பங்கு போடப்பட்டது. எப்படி? தரைக்கு மேலே வென்றவர்களுக்கு, தரைக்குக் கீழே தோற்றவர்களுக்கு! மண்மேடுகளுக்குள் போனவர்கள் காலப்போக்கில் தேவதைகள் ஆகிவிட்டார்கள். சாவு நெருங்கும் வீட்டருகே ஓலமிடும் 'பான்ஷீ' என்ற பெயருக்கே 'மேட்டுப் பெண்' என்றுதான் அர்த்தம். அவர்கள் வசித்ததாகச் சொல்லப்படும் மேடுகளில் ஒன்றான நியூகிரேஞ்ச், உண்மையில் சுமார் 5,200 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் கட்டிய கல்லறை.

நமக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு கதை இருக்கிறது. இலங்கையின் மகாவம்சத்தில், விஜயன் வந்து இறங்கும்போது அங்கே இருப்பவர்கள் இயக்கர்கள். இயக்கப் பெண் குவேனி அவனை மணந்து, தன் இனத்தையே காட்டிக்கொடுத்து, அவனுக்கு ஆட்சியை வாங்கித் தருகிறாள். அவனோ முடிசூட மதுரையிலிருந்து பாண்டிய இளவரசியை வரவழைத்துவிட்டு, இரண்டு குழந்தைகள் பெற்ற குவேனியைத் துரத்துகிறான். சொந்த இனத்தாரே அவளைக் கொன்றுவிடுகிறார்கள். குழந்தைகள் மலைநாட்டுக்கு ஓடிப்போய்ப் பிழைக்கிறார்கள். பேய்க்கணம் என்று ஒதுக்கப்பட்ட ஒருத்தியின் கதை போலவா இருக்கிறது இது?

நாகர்களின் கதையில் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. மணிமேகலையிலும் மகாவம்சத்திலும் நாக அரசர்கள் ஆசனத்துக்காகச் சண்டை போடுகிறார்கள். பாம்புகளா, மனிதர்களா? புறநானூற்றின் இரண்டாம் பாடலைப் பாடியவர் பெயர் முரஞ்சியூர் முடிநாகராயர். அநுராதபுரத்து மன்னர்களிலும் இளநாகன், சோரநாகன் என்று பெயர்கள் வருகின்றன. பெயரை மட்டும் வைத்து இனத்தை முடிவு செய்ய முடியாதுதான். ஆனாலும் 'நாகன்' என்பது மனிதர்கள் கூச்சமின்றி வைத்துக்கொண்ட பெயர் என்பது தெளிவு.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: அயர்லாந்துக் கதைகளை ஏட்டில் ஏற்றியவர்கள் கிறித்தவத் துறவிகள், மகாவம்சத்தை எழுதியது பௌத்தத் துறவி. தோற்றவர்கள் எழுதிய பிரதி எதுவும் நம் கையில் இல்லை.

மயிலாப்பூரில் மட்டும் ஏற்பாடு கொஞ்சம் வேறு. கபாலீசுவரர் கோயில் பங்குனித் திருவிழாவில், முருகனிடம் தோற்ற தாரகாசுரன் தரைக்குக் கீழே போகவில்லை. சிங்காரவேலரைத் தோளில் சுமந்துகொண்டு, பூத வாகனத்தோடு மாடவீதி சுற்றி வருகிறான்.